கீழே 1.5, மேலே எவ்வளவு? மலையில் கோஆக்ஸ் (ரேடியோவையும் ஆண்டெனாவையும் இணைக்கும் கேபிள்) இழப்புக் கணக்கு

(நீலகிரி ஹாம் ரேடியோ நண்பர்கள் நால்வர், ஊர்ப் பெயரில் பேசுகிறார்கள்.)

கோத்தகிரி:
மூடுபனி நாளில் எஸ்டபிள்யூஆர் (ஆண்டெனா எவ்வளவு பொருந்தவில்லை என்று காட்டும் எண், 1 என்றால் முழுப் பொருத்தம்) திடீரென்று அழகாக இறங்கினால் சந்தோஷப்படாதீர்கள், கேபிளைப் பாருங்கள்: திரும்பி வரும் அலையை அதுவே தின்றிருக்கலாம். 20 மீட்டர் ஆர்ஜி-58 (மெல்லிய கோஆக்ஸ்), ஆண்டெனா சரியாகப் பொருந்தியிருந்தாலும் 145 மெகாஹெர்ட்ஸில் சுமார் 4 டெசிபெல் தின்னும். போகும்போது 4, திரும்பும்போது 4. மீட்டருக்கு வந்து சேர்வது இந்த 8 போக மிச்சம்தான்.

ரேடியோ பக்கம் எஸ்டபிள்யூஆர் 1.5 என்றால், அதில் 1 கழித்த 0.5-ஐ, 1 கூட்டிய 2.5-ஆல் வகுத்தால், திரும்பும் அலையின் விகிதமான ரிஃப்ளெக்‌ஷன் 0.2. 4 டெசிபெல்லுக்கு உரிய 2.51-ஆல் பெருக்கினால் 0.5. 1 + 0.5-ஐ 1 − 0.5-ஆல் வகுங்கள்: ஆண்டெனா முனையில் எஸ்டபிள்யூஆர் 3. மேலே கம்பி அறுந்தே கிடந்தாலும் இந்தக் கேபிளில் மீட்டர் 2.3-ஐத் தாண்டாது!

குன்னூர்:
மொத்த இழப்பையும் போட்டுவிடலாம் சார். 2.51-இன் வர்க்கம் 6.3, அதில் 0.5-இன் வர்க்கம் 0.25 போனால் 6.05. வகுக்கும் எண் 2.51 × 0.75 (1-இல் 0.25 போனது) = 1.88. வகுத்தால் 3.2, அதாவது 5 டெசிபெல். கேபிளுக்குள் போகும் 50 வாட்டில் மேலே சேர்வது 16-க்கும் குறைவு. கவனியுங்கள், பொருத்தமின்மையால் கூடியது 1 டெசிபெல்தான், மீதி 4 கேபிளுடையது. அதே ஆண்டெனாவை அப்படியே விட்டு இழப்பு குறைந்த தடித்த கோஆக்ஸான ஆர்ஜி-213 போட்டாலே மொத்தம் இரண்டரை டெசிபெல்லுக்கு வந்துவிடும்.

கூடலூர்:
ரூமில் ட்யூனர் (ரேடியோவுக்குப் பொருத்தம் தரும் பெட்டி) வைத்தால் தீராதா?

குன்னூர்:
தீராது. ட்யூனர் ரேடியோவைச் சமாதானப்படுத்தும், அதற்கு மேலே உள்ள கேபிளில் ஒன்றும் மாறாது. 7 மெகாஹெர்ட்ஸ் டைபோலை (நடுவில் கேபிள் இணைத்த இருகைக் கம்பி ஆண்டெனா) 14-இல் ஓட்டுகிறவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள். ஆண்டெனா முனையில் எஸ்டபிள்யூஆர் 60 வரைக்கும் போகும். 30 மீட்டர் ஆர்ஜி-58-இல் 100 வாட் கொடுத்தால் 8 வாட்தான் வெளியே போகும். அதே கேபிளில் 7 மெகாஹெர்ட்ஸில் எஸ்டபிள்யூஆர் 3 இருந்தால் கூடுதல் இழப்பு அரை டெசிபெல், அதற்காக மரம் ஏற வேண்டாம். பல பேண்டுக்கு 450 ஓம் லேடர் லைன் (ஏணிபோல் இரண்டு இணைக் கம்பிகள் ஓடும் கேபிள்) நல்லது. ஆனால் கூடலூர் மழையில் நனைந்தால் அதன் இழப்பும் கூடும், ட்யூனர் செட்டிங்கும் நகரும்.

உதகை:
கேபிள் பட்டியலை நம்புவதைவிட அளப்பது மேல். ஆண்டெனாவைக் கழற்றி, அந்த முனையில் நடுக்கம்பியையும் பின்னலையும் அரை அங்குலத் துண்டுக் கம்பியால் ஷார்ட் செய்யுங்கள். கீழே நானோ விஎன்ஏ (கையடக்க ஆண்டெனா அளவி) காட்டும் ரிட்டர்ன் லாஸில், அதாவது அலை போய்த் திரும்பிய மொத்த இழப்பில், பாதிதான் ஒருவழி இழப்பு. நல்ல 20 மீட்டர் ஆர்ஜி-58-க்கு 145 மெகாஹெர்ட்ஸில் 8 வர வேண்டும். 14 வந்தால் இழப்பு 7 டெசிபெல், உள்ளே தண்ணீர் இருக்கிறது. மேல் முனையில் இருந்து ஒரு மீட்டர் வெட்டிப் பாருங்கள். பின்னல் கறுத்திருந்தால் இன்னும் வெட்டுங்கள், கறுப்பு நிற்கவில்லை என்றால் மொத்தமாக மாற்றுங்கள்.

கேபிள் முனையில் மாட்டும் பிஎல்-259 கனெக்டர் தண்ணீரைத் தடுக்காது. தன்னோடு தானே ஒட்டும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றி, அதன்மேல் பிவிசி டேப்பைக் கீழிருந்து மேலாக, ஓடு வேய்வதுபோல் சுற்ற வேண்டும். வினிகர் வாடை அடிக்கும் சிலிகான் வேண்டாம், செம்பை அரித்துவிடும். வீட்டுக்குள் நுழையுமுன் கேபிளை ஒரு வளையம் தொங்கவிட்டால் வழியும் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.