கிள்ளடை: 'காப்ளர்' பலகாரத்துக்குத் தமிழில் ஒரு பெயர்

அனைவருக்கும் வணக்கம்.

பழத்தின் மேல் மாவைப் போட்டு ஓவனில் சுடும் அமெரிக்க இனிப்பான காப்ளருக்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று இந்தக் குழுவில் கேட்டவள் நான்தான். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. இதுவரை வந்த பரிந்துரைகள்: பழ அடை, கூழாங்கல் அப்பம், கனிமூடி. அப்புறம் காப்ளர் என்றே விட்டுவிடலாம் என்ற கருத்தும் வந்திருக்கிறது. உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல் தேடுவதைவிட ஒரு தடவை செய்து பார்த்துவிடலாம் என்று ஞாயிற்றுக்கிழமை வீட்டில் செய்தேன். செய்யும்போது ஒரு சொல் கிடைத்தது.

அதற்கு முன், "இதற்கெல்லாம் தமிழ்ச் சொல் எதற்கு?" என்று கேட்ட நண்பருக்கு ஒரு பதில். காவேரிப்பட்டணத்தில் இருக்கும் என் அண்ணி போன வருடம் இணையத்தில் தமிழில் கிடைத்த ஒரு குறிப்பைப் பார்த்து இதைச் செய்தார். 'பழத்தின் மேல் பிஸ்கட்டைப் போட்டு ஓவனில் வைக்கவும்' என்று அதில் இருந்தது. அமெரிக்கர்கள் பிஸ்கட் என்று சொல்வது மைதா, வெண்ணெய், பால், பேக்கிங் பவுடர் சேர்த்துச் சுடும் மெத்தென்ற சிறு ரொட்டியை. அண்ணிக்கு அது எப்படித் தெரியும்? டீயில் தொட்டுச் சாப்பிடும் பிஸ்கட் ஒரு பாக்கெட்டைப் பிரித்துத் திராட்சையின் மேல் வரிசையாக அடுக்கினார். சாறு ஏறி எல்லாம் கூழாகிப் போனது. 'சோளமாவு ஒரு ஸ்பூன்' என்றும் குறிப்பில் இருந்ததாம். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் சோளமாவு என்றால் வெள்ளைச் சோளத்தை மில்லில் அரைத்த மாவு. களிக்கும் ரொட்டிக்கும் ஆவது. எழுதியவர் நினைத்ததோ கடையில் கார்ன்ஃபிளவர் என்று விற்கும் மக்காச்சோள ஸ்டார்ச்சை. அண்ணி கடைசிவரை தனக்குக் கைப்பக்குவம் இல்லை என்றே நினைத்துக்கொண்டிருந்தார். எனக்கு அது இன்னும் ஆறவில்லை. அவர் கையில் ஒரு குறையும் இல்லை, குறை சொற்களில் இருந்தது.

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

அமெரிக்கக் குறிப்புகளில் புளூபெர்ரி, பிளாக்பெர்ரி என்று வரும். பாலக்கோட்டில் அதற்கு எங்கே போவது? மாரண்டஅள்ளியில் சித்தப்பாவுக்கு மல்பெரித் தோட்டம் இருக்கிறது. பட்டுப்புழுவுக்காகப் போட்டது. கவாத்து செய்த பிறகு துளிர்க்கும் குச்சிகளில் இலையோடு காயும் பிடிக்கும். முதலில் பச்சை, அப்புறம் சிவப்பு, கடைசியில் கறுப்பு. புழுவுக்கு இலைதான் வேண்டும், பழத்தைக் குழந்தைகளும் குருவிகளும் தின்னும். மருந்து அடித்து எத்தனை நாள் ஆகிறது என்று சித்தப்பாவிடம் கேட்டுக்கொண்டு அரைக் கிலோ பறித்து வந்தேன். முக்கால்வாசி கறுத்தது, கால்வாசி சிவந்தது. கறுத்ததில் இனிப்பு இருக்கும், புளிப்பு சிவந்ததில்தான். இரண்டும் கலந்தால்தான் சாறு ருசிக்கிறது. ஒவ்வொரு பழத்துக்கும் ஒரு பச்சைக் காம்பு உண்டு, இழுத்தால் பழம் நசுங்கும். சின்னக் கத்தரிக்கோலால் வெட்டினேன். விரல் நகமெல்லாம் இரண்டு நாளைக்கு ஊதா.

பழத்தோடு நூறு கிராம் சர்க்கரை, ஒரு மேசைக்கரண்டி மக்காச்சோள ஸ்டார்ச், அரை மூடி எலுமிச்சைச் சாறு சேர்த்துக் கிளறி, எட்டு அங்குலக் கண்ணாடித் தட்டில் பரப்பினேன். கால் மணி நேரத்தில் சர்க்கரை பழத்திலிருந்து தண்ணீரை இழுத்துத் தட்டின் அடியில் சாறு நின்றது. மேல்மாவுக்கு மைதா முக்கால் கப், கேழ்வரகு மாவு கால் கப், பேக்கிங் பவுடர் ஒன்றரை டீஸ்பூன், சர்க்கரை இரண்டு மேசைக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை. குளிர்ந்த வெண்ணெய் அறுபது கிராமை அதில் விரல் நுனியால் உதிர்த்து, அரை கப் பாலை ஊற்றி ஈரம் படும் அளவுக்கு மட்டும் கலந்தேன். இதைப் பிசையக் கூடாது. பிசைந்தால் மாவுக்கு இழுவை தரும் பசையம் (குளூட்டன்) இறுகி மேல்பக்கம் சப்பாத்தி மாதிரி ஆகிவிடும். பிறகு மாவைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துப் பழத்தின் மேல் இடைவெளி விட்டுப் போட்டேன். அந்த இடைவெளி அவசியம். கீழே கொதிக்கும் பழத்தின் ஆவி அதன் வழியாகத்தான் வெளியேறுகிறது. முழுக்க மூடிவிட்டால் மாவின் அடிப்பக்கம் வேகாமல் பிசுபிசுவென்று நிற்கும்.

பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த என் மாமியார், "என்னம்மா இது, போண்டாவுக்குக் கிள்ளிப் போடற மாதிரி கிள்ளிக் கிள்ளிப் போடறே?" என்று கேட்டார்.

அந்தக் 'கிள்ளி'தான் எனக்குக் கிடைத்த சொல்.

180 டிகிரியில் நாற்பது நிமிடம் வைத்தேன். மேலே பொன்னிறம் வந்ததும் எடுத்துவிடக் கூடாது. இடைவெளிகளில் சாறு கெட்டியாகக் குமிழி விட வேண்டும். ஸ்டார்ச் நன்றாகச் சூடேறி வெந்தால்தான் சாறு இறுகும், இல்லாவிட்டால் பரிமாறும்போது தண்ணீராக ஓடும். அரை மணி நேரம் ஆறவிட்டுச் சாப்பிட்டோம். கேழ்வரகு வாசனையும் மல்பெரிப் புளிப்பும் அவ்வளவு பொருந்தின.

இனிப் பெயர்களுக்கு வருகிறேன்.

'பழ அடை' என்ற பரிந்துரை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் சேர்த்து எழுதினால் பழவடை ஆகிவிடும். பழம் போட்ட வடை என்றுதான் யாரும் படிப்பார்கள். பிரித்தே எழுதலாம் என்றால், பேசும்போது யார் பிரிக்கப் போகிறார்கள்?

'கூழாங்கல் அப்பம்' என்று எழுதிய சேலத்து ஐயா, மேலே கிடக்கும் மாவுக் கட்டிகள் 'காபிள்' என்ற உருண்டைக் கல் பரப்பிய தெருவைப் போலத் தெரிவதால் காப்ளர் என்ற பெயர் வந்தது என்று விளக்கியிருந்தார். பரவலாகச் சொல்லப்படும் காரணம்தான். ஆனால் கல் பாவிய தெரு அவர்கள் கண்ணில் இருந்த உவமை. நம் ஊரில் கூழாங்கல் ஆற்றில் கிடப்பது, சாப்பாட்டில் கல் என்றாலே பல் கூசும். அவர்கள் உவமையை நாம் சுமக்க வேண்டாம் ஐயா. தவிர, அவர்களிடமே அந்தச் சொல் ஒரே பொருளில் நிற்கவில்லை. 1859ஆம் ஆண்டின் அமெரிக்க வழக்குச்சொல் அகராதி ஒன்று, தடித்த மாவை உட்புறம் பூசிய பானையில் பழம் வைத்துச் சுடுவதைக் காப்ளர் என்கிறது. இன்று பெரும்பாலும் அடியில் மாவே கிடையாது. மூலச்சொல்லே இப்படி நகர்ந்திருக்கும்போது அதன் வேரைப் பிடித்து மொழிபெயர்த்தால் நமக்குப் பண்டமும் கிடைக்காது, வேரும் கிடைக்காது. செருப்பு தைப்பவர் என்ற பொருளும் அதே ஒலிக்கு ஆங்கிலத்தில் உண்டு. அதைப் பிடித்துக்கொண்டு யாரும் தமிழாக்க வேண்டாம் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

'கனிமூடி' கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் பாத்திரத்தின் மூடி நினைவுக்கு வருகிறது. முழுக்க மூடாமல் இருப்பதுதானே இந்தப் பண்டத்தின் பக்குவம்?

தமிழில் பலகாரப் பெயர்களில் எத்தனை கையின் வேலையிலிருந்து வந்தவை என்று எண்ணிப் பாருங்கள். முறுக்கிச் சுற்றுவது முறுக்கு. துவைத்தால் துவையல், மசித்தால் மசியல், கடைந்தால் கடையல். உருட்டுவது உருண்டை. பெயரைக் கேட்டதும் பாதிச் செய்முறை புரிந்துவிடுகிறது. அந்த வழியில்தான் நான் கிள்ளடை என்று வைக்கிறேன். மாவைக் கிள்ளிப் போட்ட அடை. ஊறுகாய், சுடுசோறு போல இதுவும் வினைத்தொகை. கிள்ளு என்பதன் உகரம் கெடுமா என்று கேட்பவர்களுக்கு: முற்றியலுகரமும் சில இடங்களில் கெடும் என்று நன்னூலே இடம் கொடுக்கிறது, கதவு அழகு கதவழகு ஆவது போல.

அடை என்றால் தோசைக்கல்லில் சுடும் பருப்பு அடைதானே என்பீர்கள். இலையில் மாவைத் தட்டி உள்ளே பூரணம் வைத்து ஆவியில் வேகவைப்பதையும் அடை என்கிறோம். ஆக அந்தச் சொல்லுக்குள் இடம் இருக்கிறது. மேலே அடைத்து வைப்பது என்ற சாயலும் கூடவே வருகிறது.

இன்னொரு வசதியும் உண்டு. கிள்ளிப் போடாமல், வெண்ணெயும் மாவும் சர்க்கரையும் உதிர்த்துத் தூவினால் அதை அவர்கள் கிரம்பிள் என்கிறார்கள். நமக்குத் தூவடை. தோசை மாவு பதத்தில் கரைத்து ஊற்றிச் செய்யும் வகையும் உண்டு, அது ஊற்றடை. ஒரே அடியிலிருந்து மூன்று சொற்கள் பிறக்கின்றன. ஒன்றைத் தெரிந்துகொண்டால் மற்றதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இப்படிச் சொல் செய்யும் வேலை எங்கள் பக்கத்துக்குப் புதிதும் அல்ல. ஓசூருக்குப் பக்கத்துத் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி, சேலத்தில் இருந்தபோது 1916இல் வெங்கடசுப்பையரோடு சேர்ந்து அறிவியல் கலைச்சொற்களுக்காகவே ஒரு சங்கம் தொடங்கினார். தருமபுரியும் கிருஷ்ணகிரியும் அப்போது சேலம் மாவட்டத்துக்குள்தான் இருந்தன. வேதியியலுக்கும் தாவரவியலுக்கும் சொல் செய்தார்கள். அடுப்படிக்கும் அதே அக்கறை வேண்டும் என்பது என் எண்ணம்.

உங்கள் கருத்துக்குக் காத்திருக்கிறேன்.

*

வணக்கம். மூன்று மறுப்புகள் வந்திருக்கின்றன. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

> அமெரிக்காவில் கரண்டியால் எடுத்துப் போடுகிறார்கள், கையால் கிள்ளுவதில்லை. கிள்ளடை பொருந்துமா?

பொருந்தும் தம்பி. இப்போது முறுக்கை அச்சில்தான் பிழிகிறோம், முறுக்கு என்ற பெயர் போய்விட்டதா? கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துப் போடுவதுதான் விஷயம்.

> பழம் என்ற செய்தியே பெயரில் இல்லையே?

இது நியாயமான கேள்வி, நானும் யோசித்தேன். பொதுவாகச் சொல்லும்போது கனிக்கிள்ளடை என்று முன்னால் சேர்த்துக்கொள்ளலாம். வீட்டில் சொல்லும்போது எந்தப் பழமோ அந்தப் பெயர்: நாவல் கிள்ளடை, மாம்பழக் கிள்ளடை. எங்கள் பக்கத்துக் கிளிமூக்கு மாங்காய் அரைப்பழுப்பில் இருக்கும்போது இதற்கு மிக நன்றாக வரும் என்று நினைக்கிறேன், அந்தப் புளிப்பு வேண்டும்.

> பெர்ரி என்பதற்கு முதலில் சொல் சொல்லுங்கள்.

அம்மா, அது பெரிய வேலை. தாவரவியல் ஒரு பக்கம் இழுக்கிறது, சமையல் இன்னொரு பக்கம் இழுக்கிறது. தாவரவியல்படி தக்காளி, கத்தரி, திராட்சை எல்லாம் பெர்ரி. ஸ்ட்ராபெர்ரி பெர்ரி இல்லை. ராஸ்பெர்ரி ஒரே பூவிலிருந்து வரும் திரள்கனி. மல்பெரி பல பூக்கள் சேர்ந்து ஒன்றான கூட்டுக்கனி, பலாவைப் போலவே. இரண்டும் ஒரே குடும்பம்கூட. இத்தனையையும் ஒரு சமையல் சொல்லுக்குள் அடைக்க முடியாது. குறிப்பு எழுதும்போது பழத்தின் பெயரையே எழுதிவிடுவது நல்லது. மல்பெரிக்கு முசுக்கட்டை என்ற பெயர் இருக்கிறது. தளிப் பக்கம் கன்னடம் பேசும் வீடுகளில் ஹிப்புநேரளே என்பார்கள். நேரளே என்றால் நாவல். நாவலோடு சேர்த்துப் பார்த்த அந்தக் கண்ணை எனக்கு ரொம்பப் பிடிக்கிறது. நிறத்திலும் கறையிலும் இரண்டும் அக்கா தங்கை மாதிரிதான்.

கறை என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். நேற்று நாவல் பழத்தில் மறுபடி செய்தேன். கொட்டையை எடுத்துச் சதையை மட்டும் போட்டேன். பாலுக்குப் பதில் தயிரும், பேக்கிங் பவுடருக்குப் பதில் சமையல் சோடாவும். சுட்டு எடுத்துப் பார்த்தால் ஒரு மூலையில் மாவின் அடியில் நீலமும் பச்சையும் கலந்த ஒரு வளையம். என் மகள் பூசணம் என்று பயந்துவிட்டாள். பூசணம் இல்லை. நாவலின் ஊதா நிறத்தைத் தரும் ஆந்தோசயனின் புளிப்பில் சிவக்கும், சோடா போன்ற காரப்பொருளில் நீலமாகும். அந்த மூலையில் சோடா சரியாகக் கலக்காமல் தங்கியிருக்கிறது. செய்பவர்கள் சோடாவை மாவோடு இரண்டு தடவை சலித்துவிடுங்கள், எலுமிச்சைச் சாற்றையும் விடாதீர்கள்.

ஓவன் இல்லாதவர்கள் கேட்டிருந்தீர்கள். அடி கனமான பாத்திரத்தில் உப்பைப் பரப்பி, அதன் மேல் ஒரு தாங்கி வைத்து, மூடிப் பத்து நிமிடம் சூடாக்கிவிட்டுத் தட்டை உள்ளே வையுங்கள். சின்னத் தீயில் ஐம்பது நிமிடமாவது ஆகும். மேலே நிறம் குறைவாகத்தான் வரும். அந்தக் காலத்தில் அமெரிக்காவில் இரும்புச் சட்டியின் மூடி மேலும் தணலைப் போட்டுச் சுட்டார்கள். நம் வீடுகளிலும் அது தெரிந்த முறைதான்.

குழுவின் சொற்பட்டியலில் சேர்க்க நான் எழுதியிருக்கும் விளக்கம் இது: 'கிள்ளடை, பெயர்ச்சொல். சர்க்கரை சேர்த்த பழத்தின் மேல் மெதுமாவைக் கிள்ளி இடைவெளி விட்டுப் போட்டு, சாறு குமிழி விடும்வரை சுடும் இனிப்பு.' மெதுமாவு என்பது பிசையாமல் கலந்த மாவுக்கு நான் இப்போதைக்கு வைத்த சொல். அதற்கு நல்ல சொல் யாருக்காவது தெரிந்தால், குறிப்பாக ரொட்டிக் கடையில் வேலை பார்த்தவர்கள், எழுதுங்கள். அண்ணிக்கு நேற்று இந்தக் குறிப்பை அனுப்பியிருக்கிறேன். 'கிள்ளிப் போடணும், அவ்வளவுதானே?' என்று பதில் வந்திருக்கிறது.