பத்து வாரக் குஞ்சுகளில் சேவல் எது, பெட்டை எது? நடத்தையை வைத்துச் சொல்ல முடியுமா?

மலைவாழை (பண்ணைக்காடு):

எல்லோருக்கும் வணக்கம். வீட்டு முட்டைக்காக ஒன்பது நாட்டுக்கோழிக் குஞ்சுகள் வளர்க்கிறோம். சிறுவிடையும் (சின்ன உடம்பு நாட்டுக்கோழி) பெருவிடையும் (பெரிய உடம்புச் சண்டைக்கோழி இனம்) கலந்த குஞ்சுகள். வயது பத்து வாரம் ஆகிறது. ஒரே ஒரு சேவலை வைத்துக்கொண்டு மற்ற சேவல்களை விற்றுவிடலாம் என்று எண்ணம். ஊர்க்காரர் ஒருவர் இந்த வாரம் கீழே சந்தைக்குப் போகிறார், கொடுத்தால் கொண்டுபோகிறேன் என்கிறார். ஆனால் எதைக் கொடுப்பது?

மூன்றில்தான் குழப்பம். கறுப்பு எப்போதும் சண்டை. கழுத்து இறகைச் சிலிர்த்துக்கொண்டு நெஞ்சோடு நெஞ்சு மோதும். ஆனால் கொண்டை சின்னது, வெளிறிப்போய் இருக்கிறது. வெள்ளைக்குக் கொண்டை பெரிதாகச் சிவந்துவிட்டது, தாடியும் தொங்க ஆரம்பித்துவிட்டது. ஆனால் பயந்த சுபாவம், யார் வந்தாலும் ஒதுங்கிவிடும். சாம்பல் நிறத்தது காப்பிச் செடிக்குப் பக்கத்தில் கிடக்கும் கல்மேல் ஏறி நிமிர்ந்து நிற்கும், தலையைச் சாய்த்து வானத்தைப் பார்க்கும்.

பக்கத்துத் தோட்டத்து ஐயா, சண்டை போடுவதுதான் சேவல், கறுப்பைக் கொடு என்கிறார். என் மாமியார் அது பெட்டை, தொடாதே என்கிறார். ஒன்றும் இன்னும் கூவவில்லை. விடியலில் தோட்டத்துப் பக்கம் ஒரு கூவல் கேட்கிறது, அது எங்கள் குஞ்சுதானா என்றும் தெரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள், முட்டையிடப் போகும் ஒன்றைத் தவறிக் கொடுத்துவிடக் கூடாது.

தாண்டிக்குடித் தம்பி:

அக்கா, ஐயா சொல்வது சரி என்றுதான் எனக்கும் தோன்றுகிறது. எங்கள் வீட்டில் நெஞ்சு மோதியதெல்லாம் பின்னால் சேவலாகத்தான் ஆனது. அப்புறம் அந்த விடியல் கூவல் காட்டுக்கோழியாக இருக்கும். நம் மலையில் சோலை ஓரத்திலும் காப்பித் தோட்டத்திலும் உண்டு. நாட்டுச் சேவலைப் போல இழுத்துக் கூவாது, வெட்டி வெட்டி முடியும். இன்னொரு முறை கவனித்துக் கேளுங்கள்.

கால்நடை ஆய்வாளர், ஓய்வு (ஒட்டன்சத்திரம்):

தம்பி, காட்டுக்கோழி பற்றிச் சொன்னது சரி. சண்டை விஷயத்தில் மட்டும் மாறுபடுகிறேன். ஆறேழு வாரத்திலிருந்தே குஞ்சுகள் தங்களுக்குள் யார் பெரியவர் என்று பார்த்துக்கொள்ளும். அதில் பெட்டையும் கலந்துகொள்ளும். அதிலும் பெருவிடை ரத்தம் என்றால் பெட்டைக் குஞ்சே விடாமல் மோதும். அதனால் சண்டையை வைத்து விற்க முடிவு செய்யாதீர்கள் அம்மா. பல வீடுகளில் நல்ல பெட்டை இப்படித்தான் சந்தைக்குப் போய்விடுகிறது, பார்க்கவே வருத்தமாக இருக்கும்.

கொண்டையைப் பார்க்கலாம், ஆனால் யோசித்துப் பார்க்க வேண்டும். தலையில் நிமிர்ந்து நிற்கும் பல்பல்லான கொண்டை உள்ள குஞ்சு என்றால், எட்டுப் பத்து வாரத்தில் நன்றாகப் பெருத்துச் சிவந்தால் அநேகமாகச் சேவல். பெருவிடைக்கு இருபாலுக்கும் கொண்டை சின்னது, தலையோடு ஒட்டினாற்போல் இருக்கும். அங்கே இந்தக் கணக்கு ஓடாது. மலைக் குளிரிலும் கொண்டை வெளிறும். குடற்புழு இருந்தாலும், ரத்தக்கழிச்சல் வந்து தேறியிருந்தாலும் வெளிறும். வெளிறிய கொண்டை என்றாலே பெட்டை என்று சொல்லிவிட முடியாது.

நடத்தையில் நான் நம்புவது வேறு. தீனி கிடைத்தால் என்ன செய்கிறது என்று பாருங்கள். கொஞ்சம் கறையான் கொண்டுவந்து ஒன்றிரண்டாகப் போடுங்கள். சேவல் புத்தி வந்த குஞ்சு சட்டென்று விழுங்காது. கொத்தித் தூக்கி, கீழே போட்டு, மறுபடி தூக்கி, டக் டக் என்று மற்றவற்றைக் கூப்பிடும். குஞ்சோடு இருக்கும் தாய்க்கோழியும் இப்படிக் கூப்பிடும், ஆனால் பத்து வாரப் பெட்டை கிடைத்ததைக் கவ்விக்கொண்டு ஓடத்தான் பார்க்கும். அடுத்தது, ஒரு பக்க இறக்கையைத் தரையில் இழுத்தபடி இன்னொன்றைச் சுற்றி வருகிறதா என்று பாருங்கள். அதுவும் சேவல் வேலை. மூன்றாவது, மேலே பருந்து போனால் முதலில் குரல் கொடுப்பது யார்? வானத்து எதிரிக்குக் குரல் கொடுப்பது பெரும்பாலும் ஆண்தான். உங்கள் சாம்பல் மேல் எனக்கு அதனால்தான் கண்.

வெள்ளையைப் பயந்த சுபாவம் என்பதற்காகப் பெட்டைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். கூட்டத்தில் ஒரு சேவல் மிஞ்சி நின்றால் அடுத்த சேவல் அடங்கியே இருக்கும், கூவுவதும் குறைவு.

மலைவாழை:

ரொம்ப நன்றி ஐயா. மாலையில் கறையான் போட்டுப் பார்த்தேன். சாம்பல் நீங்கள் சொன்னபடியே செய்தது. கொத்திக் கொத்திப் போட்டுக் கூப்பிட்டது, மற்றவை ஓடிவந்து தின்றன. கறுப்பு கவ்விக்கொண்டு ஓடிப்போய்த் தனியாகத் தின்றது, குறுக்கே வந்ததையும் விரட்டியது. வெள்ளை தள்ளியே நின்றது. அப்படியானால் சாம்பலை வைத்துக்கொண்டு வெள்ளையைக் கொடுத்துவிடலாமா?

பெருமாள்மலை வாசகி:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். அடுத்த ஈட்டுக்குக் கூர்முனை முட்டையாக இல்லாமல் உருண்டை முட்டையாகப் பார்த்து அடை வைத்தால் பெட்டையாகவே பொரிக்கும் என்று எங்கள் பாட்டி சொல்வார். முயன்று பார்க்கலாமே?

கால்நடை ஆய்வாளர், ஓய்வு:

முட்டை வடிவத்துக்கும் குஞ்சின் பாலுக்கும் தொடர்பு இல்லை அம்மா. கோழியினத்தில் குஞ்சு ஆணா பெண்ணா என்பது தாயிடமிருந்து வரும் குரோமோசோமில் அமைகிறது. ஓடு உருவாவதற்கு முன்பே அது முடிந்துவிடும்.

மலைவாழை அம்மா, இந்த வாரம் எதையும் கொடுக்க வேண்டாம். நடத்தை ஒரு சந்தேகத்தைத்தான் தரும். தீர்ப்பு சொல்வது இறகு. மூன்று மாதம் நெருங்கும்போது இடுப்பில், அதாவது வால் தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னால், புது இறகு வரும். சேவலுக்கு அது ஒடுங்கி, நீண்டு, நுனி கூராகப் பளபளவென்று இருக்கும். பெட்டைக்கு நுனி உருண்டை. கழுத்து இறகிலும் இதே வித்தியாசம் உண்டு. பகலில் துரத்திப் பிடிக்காதீர்கள், மிரண்டுவிடும். இரவில் அடைந்த பிறகு டார்ச் அடித்து மெதுவாக எடுத்துப் பாருங்கள். இன்னும் சில வாரம் வளர்ந்தால் சேவலுக்கு எடையும் கூடும், விலையும் கூடும், உங்களுக்கு நட்டமில்லை. அதற்குள் பக்கத்து கால்நடை மருந்தகத்தில் குடற்புழு மருந்தும் கேட்டுக் கொடுத்துவிடுங்கள்.

மலைவாழை:

குஞ்சுகளுக்கு இப்போது பதின்மூன்று வாரம் ஆகிவிட்டது, அதனால் மீண்டும் எழுதுகிறேன். நேற்று இரவு எல்லாவற்றையும் எடுத்துப் பார்த்தோம். சாம்பலுக்கும் வெள்ளைக்கும் இடுப்பில் கூர் இறகு தெளிவாகத் தெரிகிறது. கறுப்புக்கு எல்லாம் உருண்டை நுனி, மாமியார் சொன்னதுதான். மற்ற ஆறில் ஐந்து பெட்டை. ஒரு பழுப்புக் குஞ்சுக்கு மட்டும் ஒன்றும் பிடிபடவில்லை, உடம்பும் சிறுத்திருக்கிறது.

கால்நடை ஆய்வாளர், ஓய்வு:

மிக்க மகிழ்ச்சி அம்மா. வெள்ளையைத் தாராளமாகக் கொடுக்கலாம். ஏழெட்டுப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும், இரண்டு இருந்தால் பெட்டைகளின் முதுகு இறகு மிதிபட்டே போய்விடும். பழுப்பு வளர்ச்சியில் பின்தங்கியது, அதனால் இறகும் தாமதம். தனியாகக் கொஞ்சம் தீவனம் வைத்து, இரண்டு மூன்று வாரம் கழித்து அதே இடத்தில் பாருங்கள். ஐந்து மாதம் நெருங்கும்போது முதுகில் கை வைத்தால் இறக்கையை விரித்துப் பம்மி உட்கார்ந்தால் அது பெட்டை, முட்டைக்கும் அதிக நாள் இல்லை. மற்றப் பெட்டைகளுக்கும் இதையே பாருங்கள், அந்தச் சமயத்தில் கூட்டில் வைக்கோல் போட்டு வைத்துவிடலாம்.

தாண்டிக்குடித் தம்பி:

அக்கா, வெள்ளையைச் சந்தைக்கு அனுப்ப வேண்டாம். எங்களிடம் ஆறு பெட்டை இருக்கிறது, சேவல் இல்லை. நானே வந்து வாங்கிக்கொள்கிறேன், விலையைத் தனிச்செய்தியில் சொல்லுங்கள்.