அம்மா வீட்டு டிவிக்கு மாசம் 584 ரூபா போகுது, பேசி குறைக்க முடியுமா?

பாணதீர்த்தம்

எல்லாருக்கும் வணக்கம். அம்மா அம்பாசமுத்திரத்துல தனியா இருக்காங்க, நான் சென்னைல வேலை. அவங்க டிடிஹெச் ரீசார்ஜ் என் கணக்குல இருந்து ஆட்டோ பேல போயிட்டு இருக்கு, ரெண்டு வருஷமா நான் திறந்து கூட பாக்கல. போன வாரம் போன்ல பேசும்போது அம்மா "எவ்வளவுலே கட்டுத இதுக்கு, நான் பாக்கது நாலு சேனலு தான"ன்னு கேட்டாங்க, அப்பதான் ஆப்ல போய் பாத்தேன், 584 ரூபா 10 பைசா!

பிரிச்சு பாத்தா ஹால் பாக்ஸுக்கு நெட்வொர்க் கட்டணம் 130, தமிழ் ஹெச்டி பேக் 165, ஸ்போர்ட்ஸ் பேக் 60. ரூம்ல இருக்கிற ரெண்டாவது பாக்ஸுக்கு கட்டணம் 50, அதுல ஒரு பேக் 90. எல்லாத்துக்கும் மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி. அந்த ரூம் டிவி அப்பாவுக்காக போட்டது, ஸ்போர்ட்ஸ் பேக்கும் அவருக்காகத்தான். அப்பா போய் ஒன்றரை வருஷம் ஆச்சு. எடுக்கணும்னு எனக்கு தோணவே இல்ல, இப்ப தெரிஞ்ச பிறகும் மனசு கொஞ்சம் கஷ்டமாத்தான் இருக்கு.

கஸ்டமர் கேர்ல பேசினேன், டிஸ்கவுண்ட் ஏதாவது உண்டான்னு கேட்டா "சார் உங்க ஏரியாக்கு இப்ப ஆஃபர் இல்ல, இன்னும் 30 ரூபா போட்டா இந்த பேக் கிடைக்கும்"னு என் தலையிலேயே இன்னொன்ன கட்டப் பாத்தாங்க. எப்படி பேசினா குறைப்பாங்க? கேபிளுக்கு மாறிடலாமா? ஒரே ஒரு விஷயம், அம்மாவுக்கு சாயங்கால சீரியல் ஒரு நாள் கூட கட் ஆகக்கூடாது, அந்த வீட்ல பேச்சு சத்தம்னு இருக்கிறது அது ஒண்ணுதான்.

---

தெருமுனை கேபிள்

தம்பி, நான் தேனி பக்கம் 22 வருஷமா கேபிள் ஆபரேட்டர். நீங்க டிடிஹெச்னாலும் உள்கணக்கு கிட்டத்தட்ட ஒண்ணுதான், அத தெரிஞ்சுக்கிட்டு பேசுங்க, அப்பதான் எது குறையும் எது குறையாதுன்னு தெரியும்.

அனலாக் காலத்துல தெருவுக்கு ஒரு ரேட்டு, தெரிஞ்சவங்க கேட்டா இருபது முப்பது குறைச்சுக்குவோம். 2019 பிப்ரவரில டிராய், அதாவது டிவி கட்டணத்துக்கு விதி போடுற மத்திய அரசு ஆணையம், அவங்க புது விதி வந்த பிறகு அப்படி முடியாம போச்சு, ஏன்னா பில்லு மூணா பிரிஞ்சிருச்சு, நெட்வொர்க் கட்டணம், சேனல் காசு, ஜிஎஸ்டி. ஜிஎஸ்டி யார்கிட்ட பேசினாலும் குறையாது. சேனல் காசுல பெரும்பகுதி சேனல்காரனுக்கு போயிருது, நடுவுல இருக்கிற கம்பெனிக்கு கமிஷன் 20 சதவீதம்தான் நிச்சயம், மேல கிடைக்கிறது அவங்க ஒப்பந்தத்த பொறுத்தது. நெட்வொர்க் கட்டணம் 130ன்னு வச்சுக்கங்க, தனியா ஒப்பந்தம் இல்லன்னா அதுல 55 சதவீதம் எங்களுக்கு சிக்னல் தர்ற பெரிய கம்பெனிக்கு (எம்எஸ்ஓம்பாங்க), 45 சதவீதம் என்ன மாதிரி ஆளுக்கு, அதாவது ஐம்பத்தெட்டரை ரூபா, அதுலதான் ஒயரு, பையன் சம்பளம், மழைல ஆம்ப்ளிஃபயர் போனா அது எல்லாம். பாக்ஸ் ஓடணும்னா நான் முன்கூட்டியே போர்ட்டல்ல காசு போட்டு வைக்கணும், கஸ்டமர் தர்றாரோ இல்லையோ என் வாலட்ல கழிஞ்சிரும். அதனால "அண்ணே 50 ரூபா குறைங்க"ன்னு கேட்டா எங்களால தர முடியறது ரொம்ப கம்மி, கோவிச்சுக்காதீங்க.

ஆனா ஒரு மாற்றம் வந்திருக்கு. முதல்ல அந்த 130ங்கறது உச்சவரம்பு, 2020ல இருந்து அதே 130க்கு 200 சேனல் தரணும், ரெண்டாவது டிவிக்கு அந்த கட்டணத்துல 40 சதவீதத்துக்கு மேல வாங்கக்கூடாதுன்னு எல்லாம் இருந்துச்சு. 2024 ஜூலைல டிராய் அந்த வரம்ப எடுத்துட்டாங்க, கம்பெனி இஷ்டப்படி வச்சுக்கலாம், வெப்சைட்ல போடணும். ஏத்தவும் செய்யலாம், இறக்கவும் செய்யலாம், அதனால அவங்க விருப்பப்பட்டா உங்களுக்கு குறைச்சு தர சட்டம் தடுக்கல. "எங்க கைல இல்ல சார், டிராய் ரேட்டு"ன்னு சொன்னா நம்பாதீங்க.

இப்ப உங்க பில்லுக்கு வர்றேன். நீங்க பேரம் பேசுறதுக்கு முன்னாடியே அதுல பாதி தேவையில்லாதது. ரூம் பாக்ஸ எடுத்தாலே 140, ஜிஎஸ்டியோட 165 போயிருது. ஹெச்டி பேக் அம்மாவுக்கு எதுக்கு, டிவி எத்தன இஞ்ச்? பழைய 32 இஞ்ச்ல எட்டடி தள்ளி உக்காந்து சீரியல் பாக்கிறவங்களுக்கு எஸ்டி, அதாவது சாதா படம், போதும், விலையும் நல்லா குறையும். புதிய தலைமுறை, பாலிமர் நியூஸ், நியூஸ் 7, திருப்பதி எஸ்விபிசி எல்லாம் இலவச சேனல், நெட்வொர்க் கட்டணத்துக்குள்ளயே வந்துரும், அதுக்குன்னு பேக் போடாதீங்க. ஆனா ஒண்ணு, எல்லாத்தையும் தனித்தனியா எடுத்தா மலிவுன்னு நினைச்சுறாதீங்க. ஒரே கம்பெனி சேனல்ல மூணு நாலு பாப்பாங்கன்னா அவங்க பேக்குதான் லாபம், 2023 பிப்ரவரில இருந்து பேக்குக்கு 45 சதவீதம் வரைக்கும் தள்ளுபடி தரலாம்னு விதி. ஒண்ணே ஒண்ணு பாக்கிற இடத்துல மட்டும் தனியா எடுங்க. பேப்பர்ல எழுதி கூட்டிப் பாருங்க தம்பி, அது தவிர வேற வழி இல்ல.

---

நொய்யல் அக்கா

ஆபரேட்டர் அண்ணா சொன்னது சரிதானுங்க, ஆனா பேசியும் குறைக்க முடியும், நான் குறைச்சிருக்கேன். நீங்க பண்ண தப்பு என்னன்னா முதல்ல போன் எடுக்கிறவங்ககிட்ட டிஸ்கவுண்ட் கேட்டது. அவங்களுக்கு ஸ்க்ரீன்ல ஆஃபர் தெரிஞ்சாத்தான் சொல்ல முடியும், பாவம் அவங்க வேலை அவ்வளவுதான். "கனெக்ஷன நிறுத்தணும், அதுக்கு என்ன ப்ரொசீஜர்"னு கேளுங்க. அப்ப வேற டீமுக்கு மாத்துவாங்க, போற கஸ்டமர நிறுத்தி வைக்கிறதுக்குன்னே இருக்கிறவங்க, அவங்க கைலதான் ஏதாவது இருக்கும்.

நான் பேசினப்போ எதிர்முனைல ஒரு தம்பி ஏன்னு கேட்டார், மாசம் 500 தாண்டுது, வீட்ல ஃபைபர் போட்டாச்சு, டிவி பாக்கிறதே மாமியார் ஒருத்தர்தான், 300க்கு மேல எங்களால முடியாதுன்னு ஒரு நம்பர தெளிவா சொன்னேன். முதல்ல ஒரு மாசம் ஏதோ ஒரு பேக் இலவசம்னாரு, அது எனக்கு வேண்டாம், மாசக் காசு குறையணும்னு சொல்லிட்டு சும்மா இருந்தேங்க. நாம பேசாம இருந்தா அவங்க தேடுவாங்க. கடைசில மூணு மாசத்துக்கு மாசம் 100 குறைச்சாங்க. கத்தல, சண்ட போடல, பேர கேட்டு வச்சுக்கிட்டேன், எஸ்எம்எஸ் அனுப்பச் சொன்னேன், எஸ்எம்எஸ் வர்ற வரைக்கும் போன வைக்கல. மூணு மாசம் முடிஞ்சதும் பழைய ரேட்டுக்கு தானா ஏறிடுச்சு, அது யாரும் சொல்ல மாட்டாங்க, அதனால முடியுற தேதிய காலண்டர்ல குறிச்சு வச்சுக்கங்க, மறுபடி கூப்பிடணும். முதல்ல ஆட்டோ பேய நிறுத்துங்க, காசு தானா வந்துட்டே இருக்கிற கஸ்டமர நிறுத்தி வைக்க அவங்க எதுக்கு மெனக்கெடணும்?

இன்னொண்ணு, இது ரொம்ப முக்கியம். கஸ்டமர் கேர் நம்பர நெட்ல தேடி எடுக்காதீங்க. எங்க தெருவுல ஒரு அம்மா அப்படி தேடி கிடைச்ச நம்பருக்கு கூப்பிட்டு, அவன் ஒரு ஆப் போடச் சொல்லி, ஸ்க்ரீன பாத்துக்கிட்டே 8000 ரூபா எடுத்துட்டான். டிவி ஸ்க்ரீன்லயோ கம்பெனி ஆப்லயோ இருக்கிற நம்பர் மட்டும்தான். உங்க அம்மாகிட்டயும் சொல்லி வைங்க, டிஸ்கவுண்ட் தர்றேன்னு யாராவது தானா கூப்பிட்டா ஓடிபி சொல்லவே கூடாதுன்னு.

---

நைட்ஷிப்ட் தம்பி

எதுக்கு ப்ரோ இவ்வளவு, ஒரு ஃபைபர் கனெக்ஷன் போட்டு ஆப்ல பாக்கச் சொல்லுங்க. இல்லன்னா டிடி ஃப்ரீ டிஷ், ஒரு தடவ டிஷ்ஷும் பாக்ஸும் வாங்கினா மாசக் காசே கிடையாது.

---

தெருமுனை கேபிள்

ஃப்ரீ டிஷ் நல்ல விஷயம்தான், டிடி தமிழ் வரும், ஆனா சன்னு, விஜய் எல்லாம் அதுல கிடையாது தம்பி. சீரியல் பாக்கிற வீட்டுக்கு அது ஆகாது.

---

கொள்ளிடக்கரை

நான் ஓய்வுபெற்ற தபால் ஊழியன், ஸ்ரீரங்கம். மேலே யாரும் சொல்லாத ஒன்று. உங்கள் அம்மா சென்னைக்கு உங்ககிட்ட வந்து தங்குவதுண்டா? நானும் வீட்டுக்காரியும் வருஷத்துல ரெண்டு மாசம் பெங்களூர்ல பொண்ணு வீட்ல இருப்போம், முன்னெல்லாம் பூட்டின வீட்டு டிவிக்கு காசு கட்டிட்டு இருந்தோம், நினைச்சாலே வயிறு எரியுது. 2017 டிராய் விதிப்படி 15 நாள் முன்னாடி சொன்னா கனெக்ஷன தற்காலிகமா நிறுத்தி வைக்கலாம், முழு மாசக் கணக்குல. மூணு மாசத்துக்குள்ள திரும்ப எடுத்தா அதிகபட்சம் 25 ரூபாய்தான் வாங்கலாம்னு முன்னாடி இருந்தது, 2024ல அந்த வரம்பையும் எடுத்துட்டாங்க, அதனால எவ்வளவுன்னு முதல்லயே கேட்டுக்கங்க. நாங்கள் போன் பண்ணிட்டு, கூடவே ஈமெயிலும் போட்டு வைப்போம், அப்புறம் பேச்சு மாறக் கூடாது பாருங்க. முதல் ஆள் முடியாதுன்னுதான் சொல்வார், விதியைச் சொல்லி புகார் எண் கேளுங்கள், அதுவும் சரிவரலன்னா தீராத புகாரைப் பார்க்க நோடல் ஆபீசர்னு ஒருத்தர் கட்டாயம் இருப்பார், அவருக்கு எழுதுங்கள். எனக்கு எழுதின ரெண்டாவது நாள் வேலை முடிந்தது.

---

பாணதீர்த்தம்

எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி. சனிக்கிழமை ஊருக்கு போனேன், போன்ல பேசி முடிக்கிற விஷயம் இல்லன்னு தோணுச்சு. ஒரு சாயங்காலம் முழுக்க அம்மா கூட உக்காந்து எது பாக்காங்க எது பாக்கலன்னு ஆபரேட்டர் அண்ணே சொன்ன மாதிரி பேப்பர்ல எழுதினேன். காலைல எஸ்விபிசி, சாயங்காலம் ரெண்டு சேனல்ல சீரியல், ராத்திரி நியூஸ், தூக்கம் வரலன்னா பழைய பாட்டு. 165 ரூபா பேக்குல அவங்க தொட்டதே ஆறு சேனல்தான்.

ரூம் பாக்ஸ திருப்பிக் குடுத்தாச்சு. ஸ்போர்ட்ஸ் பேக்க எடுத்துரவான்னு கேட்டேன், அம்மா கொஞ்ச நேரம் ஒண்ணும் சொல்லல, அப்புறம் "மேட்ச் அன்னைக்கு மட்டும் போட்டு விட்டுருவேன்லே, பாக்க மாட்டேன், அடுப்படில வேலை செய்வேன், அந்த சத்தம் கேக்கணும்"னாங்க. எனக்கு இது தெரியவே தெரியாது. அதனால 60 ரூபா பேக்க எடுத்துட்டு தமிழ் கமென்ட்ரி வர்ற ஒரு சேனல மட்டும் தனியா போட்டுட்டேன். எஸ்டி பேக், அந்த சேனல் எல்லாம் சேத்து 111, நெட்வொர்க் கட்டணம் 130, ஜிஎஸ்டியோட 284 ரூபா 38 பைசா. மாசம் கிட்டத்தட்ட 300 மிச்சம்.

அக்கா சொன்ன மாதிரி நிறுத்தணும்னு சொல்லியும் பேசினேன். மாசக் காசுல எதுவும் குறைக்கல, பில்லு இவ்வளவு இறங்கின பிறகு அவங்களுக்கும் பெருசா இடம் இல்ல போல. ஆனா ஆறு மாசத்துக்கு சேத்து கட்டினா 15 நாள் கூட தர்றோம்னாங்க, எஸ்எம்எஸ் வாங்கிட்டுத்தான் போன வச்சேன். பொங்கலுக்கு அப்புறம் அம்மா இங்க ஒரு மாசம் வர்றாங்க, கொள்ளிடக்கரை சார் சொன்னபடி அதுக்கு டிசம்பர் கடைசிலயே மெயில் போட்டுருவேன்.

---

தெருமுனை கேபிள்

நல்லது தம்பி. ரூம் பாக்ஸ வாங்கினவன்கிட்ட ரசீது வாங்கினீங்களா? ஆப்ல அந்த பாக்ஸ் நம்பர் இன்னும் ஆக்டிவ்னு காட்டுதான்னு பாருங்க. பாக்ஸ் கைல இல்லாமலே காசு கழியுறத நான் நிறைய வீட்ல பாத்திருக்கேன்.

---

பாணதீர்த்தம்

ரசீது இருக்குண்ணே. ஆப்ல பாத்தேன், இன்னும் ஆக்டிவ்னுதான் காட்டுது. இப்பவே கூப்பிடுறேன்.