சிவப்புப் பூ, முள் இல்லை. இது நெருஞ்சில்தானா?

மல்லிகா:
மழை விட்டு மூன்று வாரம் ஆகிறது. பின்பக்கத்து வெற்று மனையில் தரையோடு தரையாக ஒரு செடி படர்ந்திருக்கிறது. இலை நெருஞ்சில் மாதிரி, ஆனால் பூ சிவப்பு, மிளகு அளவுதான். முள்ளே இல்லை. கஷாயம் வைத்தால் சிறுநீரகக் கல்லுக்கு நல்லது என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. வைக்கலாமா?

குமரன்:
எங்கள் பக்கமும் உண்டு. செப்பு நெருஞ்சில் என்பார்கள்.

வேலாயுதம்:
குமரன் சொன்னது சரி. ஆனால் பெயரில் மட்டும்தான் நெருஞ்சில், இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இது அவுரியின் இனம், பட்டாணிக் குடும்பம். ஒரு பூவைக் கிள்ளி உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். மேலே நிமிர்ந்து ஓர் இதழ், பக்கத்துக்கு ஒன்று, அடியில் படகு போல ஒட்டிய இரண்டு. நெருஞ்சில் பூவில் ஐந்து இதழும் ஒரே மாதிரி விரிந்திருக்கும். இலையும் அப்படித்தான். நெருஞ்சிலில் சிற்றிலைகள் எதிரெதிரே ஜோடியாக நிற்கும், இதில் மாறி மாறி வந்து நுனியில் ஒன்று தனியாக முடியும்.

கஷாயம் வேண்டவே வேண்டாம் அம்மா. ஆஸ்திரேலியாவில் இதே செடியை வாரக்கணக்கில் மேய்ந்த குதிரைகள் பின்னங்காலைத் தூக்க முடியாமல் தரையில் இழுத்து நடக்கும். பேர்ட்ஸ்வில் நோய் என்று அதற்குப் பெயர். செடியில் உள்ள இண்டோஸ்பைசின் என்ற நச்சு இறைச்சியிலும் தங்கிவிடுகிறது. அந்தக் குதிரை இறைச்சியைத் தின்ற நாய்களுக்கு ஈரல் கெட்டுப்போனது. சித்த மருத்துவத்தில் இதற்கு இடம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அது வைத்தியர் கையில் இருக்க வேண்டிய விஷயம். வேறு மூலிகை என்று நினைத்து இதைக் கொதிக்க வைப்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

மல்லிகா:
பூவைப் பிரித்துப் பார்த்தேன் ஐயா, படகு இருக்கிறது! ஓர் இலையில் ஏழு சிற்றிலை, இன்னொன்றில் ஒன்பது. அக்காவிடமும் சொல்லிவிட்டேன். அப்புறம், செடியைப் பிடுங்கிவிடவா?

வேலாயுதம்:
நீங்கள் எண்ணிய ஒன்பது சிற்றிலை சரிதான், இந்தச் செடியின் பழைய தாவரப் பெயருக்கே ஒன்பது இலை என்றுதான் அர்த்தம். எதற்குப் பிடுங்க வேண்டும்? ஆடு மாடு மேயாத இடமென்றால் விட்டுவிடுங்கள். ஆணிவேர் ஆழமாக இறங்கி மண்ணைப் பிடித்துக்கொள்ளும். ஒரே ஒரு செடியை மட்டும் ஈரத்தில் மெதுவாகத் தோண்டி, வேரைத் தண்ணீரில் அலசிப் பாருங்கள். குட்டிக் குட்டி முடிச்சுகள் இருக்கும். அவற்றுக்குள் வாழும் பாக்டீரியாதான் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்கு உணவாகத் தருகிறது. ஒன்றை நகத்தால் கீறுங்கள், உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம்.