மஞ்சள் தண்ணீர் ஊறும் மண், விரிசல் விட்ட கட்டடம்: வழி சொல்லுங்கள்

நண்பர்களுக்கு வணக்கம். இராணிப்பேட்டையில் அப்பா கட்டிய இரண்டு மாடி வணிகக் கட்டடம் எங்களுடையது. கீழே ஐந்து கடைகள், ஐந்து குடும்பங்களின் பிழைப்பு. சென்ற மழையில் பின்சுவரில் விரல் நுழையும் அளவுக்கு விரிசல். அஸ்திவாரத்தைப் பார்க்கத் தோண்டினால், மூன்றடியில் எலுமிச்சைச் சாறு போல மஞ்சளாகத் தண்ணீர் ஊறியது. ஆய்வகம் ஹெக்சாவேலண்ட் குரோமியம் (நீரில் கரையும், நச்சுத்தன்மை மிகுந்த குரோமிய வடிவம்) என்கிறது. இடத்தை மேடாக்கக் கொட்டிய மண்ணிலேயே பழைய ஆலைக் கழிவு இருந்திருக்கிறது. அன்றே கிணற்றை மூடிவிட்டேன்.

அஸ்திவாரத்தைத் தாங்க, பொறியாளர் மைக்ரோபைல் (ஆழத் துளையிட்டுக் கம்பியும் சிமெண்ட் கலவையும் நிரப்பும் மெல்லிய தூண்) இறக்கலாம் என்கிறார். துளை வழியே நஞ்சு நிலத்தடி நீருக்கு இறங்கிவிடாதா? மண்ணை மொத்தமாக அள்ளினால் தூண்கள் உட்காரும். நான்கடி நான்கடியாக, இடைவெளி விட்டுத்தான் அள்ளிக் கான்கிரீட் நிரப்ப வேண்டும். இன்னொருவர் மண்ணில் ஃபெரஸ் சல்பேட் (ஓர் இரும்பு உப்பு) கரைசல் செலுத்தி, அந்த நஞ்சை எளிதில் கரையாத, நச்சு குறைந்த டிரைவேலண்ட் குரோமியமாக மாற்றச் சொல்கிறார். வேதியியல் சரிதான். ஆனால் சல்பேட் கான்கிரீட்டை அரிக்குமே! சல்பேட் தாங்கும் சிமெண்ட் போதுமா?

எதை முதலில் செய்வது? தோண்டிய மண்ணைக் கும்மிடிப்பூண்டி அபாயக் கழிவு நிலையத்துக்கு அனுப்பியவர்கள் இருக்கிறீர்களா? அஸ்திவாரத்தைப் பலப்படுத்துவது, நஞ்சை நீக்குவது என இரண்டு வேலையையும் சேர்த்துப் பார்த்த அனுபவமுள்ளவர்கள் தயவுசெய்து எழுதுங்கள். அடுத்த மழைக்குள் முடிக்க வேண்டும்.