1967ஆம் ஆண்டுப் புல்லட்டின் கறுப்பு நம்பர் பிளேட்: ஐம்பது ஆண்டு கடந்த வண்டிக்கு விதிவிலக்கு உண்டா?

நாகலூர்க்காரர் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். ஏற்காடு அருகே நாகலூரில் எங்களுக்குச் சிறிய காபித் தோட்டம் ஒன்று உள்ளது. அப்பா வாங்கி ஓட்டிய 1967ஆம் ஆண்டு என்ஃபீல்டு புல்லட் 350 இப்போது என் பொறுப்பில் இருக்கிறது. மாநிலத்தின் பெயர் மாறுவதற்கு முன் பதிவான வண்டி என்பதால், அதன் எண் ‘எம்’ என்று தொடங்கும் பழைய மூன்றெழுத்து வரிசையில் உள்ளது. பின்பக்கம் கறுப்புத் தகட்டில் வெள்ளை எழுத்து. முன்பக்கம் மட்கார்டின் முதுகின் மேல், சக்கரத்தின் போக்கிலேயே நிற்கும் வளைந்த தகட்டின் இரு பக்கங்களிலும் எண் எழுதப்பட்டிருக்கிறது. மிளகு மாதிரியை லீ பஜாரில் காட்டுவதற்காகச் சேலத்துக்கு இறங்கியபோது வாகனச் சோதனையில் நிறுத்தி, இரண்டு தகடுகளுமே விதிக்குப் பொருந்தவில்லை என்று கூறி எச்சரித்து அனுப்பினார்கள். ஐம்பது ஆண்டு கடந்துவிட்டால் ‘விண்டேஜ்’ வண்டியாகிவிடும், பிறகு எந்தத் தகடும் வைத்துக்கொள்ளலாம் என்று பக்கத்துத் தோட்டக்காரர் சொல்கிறார். இது சரியா? பழைய எண்ணை விட்டுவிட்டு டிஎன் என்று தொடங்கும் எண் வாங்க வேண்டியிருக்குமா? ஆர்.சி. புத்தகம் இன்னும் அப்பாவின் பெயரில்தான் உள்ளது. அவர் சென்ற ஆண்டு காலமானார். பதிவின் செல்லுபடி வரும் மார்ச் மாதம் முடிகிறது.

ராஜ்தூத் ரசிகர்:

உங்கள் பக்கத்துத் தோட்டக்காரர் சொல்வது சரியென்றே நான் கருதுகிறேன். பழைய வாகனக் கண்காட்சிகளில் கறுப்புத் தகட்டுடன் எத்தனையோ வண்டிகள் நிற்கின்றன. அவற்றை யாரும் கேள்வி கேட்பதில்லை. 2021இல் மத்திய அரசு விண்டேஜ் வண்டிகளுக்கெனத் தனி விதியே கொண்டுவந்துள்ளது. அதன்படி பதிவு செய்துகொண்டால் உங்கள் சிக்கல் தீர்ந்துவிடும்.

அஸ்தம்பட்டி வழக்கறிஞர்:

நண்பர் குறிப்பிடும் விதி உண்மையானதுதான். ஆனால் இவருடைய சிக்கலுக்கு அது மருந்தாகாது. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021 ஜூலையில் சேர்க்கப்பட்ட அந்தப் பகுதி, முதல் பதிவிலிருந்து ஐம்பது ஆண்டு கடந்து, மூல வடிவம் கெடாமல், சேஸிஸ், உடல், இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யப்படாமல் காக்கப்படும் இருசக்கர, நான்குசக்கர வாகனங்களை விண்டேஜ் என்று வரையறுக்கிறது. வயது மட்டும் போதாது. விண்ணப்பித்து, ஆய்வுக்கு உட்பட்டு, அந்த வகையில் பதிவு பெற வேண்டும். புதிய பதிவுக்குக் கட்டணம் இருபதாயிரம் ரூபாய், பத்து ஆண்டு முடிந்து மறுபதிவு செய்ய ஐயாயிரம் ரூபாய். புதிதாகப் பதிவாகும் வண்டிக்கு மாநிலக் குறியீட்டை அடுத்து ‘விஏ’ என்ற இரண்டு எழுத்துகள் வரும். ஏற்கெனவே இந்தியாவில் பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம்.

இதுவரை கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்படிப் பதிவான வண்டியை அன்றாடப் பயணத்துக்கோ வணிகத்துக்கோ சாலையில் ஓட்டக் கூடாது என்று அதே விதி சொல்கிறது. கண்காட்சி, தொழில்நுட்ப ஆய்வு, விண்டேஜ் ஊர்வலம், எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு, இவற்றுக்குப் போய்வருதல் ஆகியவற்றோடு அதன் சாலை உரிமை முடிந்துவிடுகிறது. மிளகு மாதிரியோடு லீ பஜாருக்கு இறங்குவது இந்தப் பட்டியலில் எங்கும் அடங்காது. கறுப்புத் தகட்டின் மீதுள்ள ஆசையால் ஓடும் வண்டியைக் காட்சிப் பொருளாக்கிக்கொள்ள வேண்டாம் என்பதே என் கருத்து. சாதாரணப் பதிவைப் புதுப்பித்துக்கொண்டு, தகட்டை மட்டும் மாற்றிவிடுங்கள்.

கண்காட்சியில் யாரும் கேள்வி கேட்பதில்லை என்பது, சாலையில் கேட்க மாட்டார்கள் என்பதற்கு ஆதாரமாகாது.

தகட்டைப் பற்றி விதி 50, 51 ஆகிய இரண்டும் பேசுகின்றன. சொந்தப் பயன்பாட்டு வண்டிக்கு வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்து என்பது 2000களின் தொடக்கத்தில் கொண்டுவரப்பட்ட முறை. அதற்கு முன்னர் பதிவான வண்டியாயினும் இன்று சாலையில் ஓடுகிறது என்றால் இன்றைய முறையே பொருந்தும். இன்று கறுப்புத் தகடு, அதுவும் மஞ்சள் எழுத்துடன், வாடகைக்கு எடுத்து நாமே ஓட்டும் வண்டிகளுக்கு உரியது. முன்பக்கத்தைப் பொறுத்தவரை, மோட்டார் சைக்கிளின் எண் கைப்பிடிக்கு இணையாக, எதிரே வருபவரை நோக்கியிருக்க வேண்டும். மட்கார்டு, காற்றுத் தடுப்பு உட்பட எந்தப் பகுதியிலும் இருக்கலாம், ஆனால் வண்டியின் நீளவாக்கில் நிற்கும் தகடு அதற்கு ஈடாகாது என்று விதி வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறது. உங்கள் மட்கார்டுத் தகடு அந்தக் காலத்துப் புல்லட், ஜாவா வண்டிகளுக்கு அழகுதான். எதிரே வருபவருக்கு அது ஒரு கோடாகத்தான் தெரியும்.

எழுத்தின் அளவும் வரையறுக்கப்பட்டுள்ளது. முன்பக்கம் எழுத்து, எண் இரண்டும் 30 மில்லிமீட்டர் உயரம், 5 மில்லிமீட்டர் தடிப்பு. பின்பக்கம் எழுத்து 35 மில்லிமீட்டர், எண் 40 மில்லிமீட்டர், தடிப்பு 7 மில்லிமீட்டர். இடைவெளி எங்கும் 5 மில்லிமீட்டர். ஆங்கில எழுத்தும் வழக்கமான எண்ணும் மட்டுமே ஏற்கப்படும். தமிழில் எழுதிக்கொள்ளும் வழக்கம் நம் ஊரில் மனத்துக்கு நிறைவாக இருந்தாலும், சோதனையில் அது நிற்காது.

எண் மாறுமா என்று கேட்டீர்கள். மாறாது. 1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் தரப்பட்ட பதிவுகள் 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழும் தொடர்கின்றன. புதுப்பித்தல் என்பது செல்லுபடிக் காலத்தை ஐந்து ஆண்டு நீட்டுவதே தவிர எண்ணைத் தொடுவதில்லை.

செவ்வாய்ப்பேட்டை பட்டறை:

வழக்கறிஞர் ஐயா சட்டத்தைச் சொல்லிவிட்டார். மாட்டும் வேலையை நான் சொல்கிறேன். மட்கார்டில் புதிதாகத் துளை போட எவரையும் அனுமதிக்காதீர்கள், அந்தத் தகரம் மறுபடியும் கிடைக்காது. இருசக்கர வண்டியின் முன்பக்கத்துக்கு உரிய 285க்கு 45 மில்லிமீட்டர் அளவுள்ள ஒரே வரித் தகட்டை, ஹெட்லைட்டுக்குக் கீழே ஃபோர்க் குழாய்கள் இரண்டிலும் ரப்பர் வைத்த கிளாம்ப் போட்டு நிறுத்தலாம். கைப்பிடியை இருபுறமும் முழுவதும் திருப்பிப் பார்த்து, கேபிளோ ஒயரோ தகட்டின் விளிம்பில் உரசவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் உரசினால் கிளட்ச் கேபிளின் மேலுறை கிழிந்துவிடும். பின்பக்கத்துக்கு 200க்கு 100 மில்லிமீட்டர் தகடு, பழைய தாங்கியின் துளைகளிலேயே ஒரு இடைத்தகடு வைத்துப் பொருந்திவிடும். எழுத்து மேல் வரியிலும் எண் கீழ் வரியிலும் வரட்டும்.

மட்கார்டுத் தகட்டைக் கழற்ற வேண்டியதில்லை. எண்ணை அழித்து, வண்டியின் நிறத்தையே அதற்கும் பூசிவிட்டால் வடிவம் கெடாது, குழப்பமும் வராது.

இன்னொன்றை யாரும் கேட்கவில்லை. பின்தகட்டை வெள்ளை விளக்கு ஒளியூட்ட வேண்டும், இரவில் பதினைந்து மீட்டர் தொலைவிலிருந்து எண் படிக்கும்படி தெரிய வேண்டும் என்பதும் விதிதான். உங்கள் வண்டி ஆறு வோல்ட் அமைப்பாக இருந்தால் பல்பு மினுக்கென்றுதான் எரியும். ஆறு வோல்ட்டுக்கென்றே வரும் எல்இடி பல்பு போட்டால் போதும். இதற்காகப் பன்னிரண்டு வோல்ட்டுக்கு மாற்ற வேண்டாம்.

நாகலூர்க்காரர்:

இருவருக்கும் மிக்க நன்றி. வண்டி இன்றும் ஆறு வோல்ட்தான். இரண்டு சந்தேகங்கள் மீதமுள்ளன. அசோகச் சக்கர முத்திரை உள்ள உயர்பாதுகாப்புத் தகட்டை இணையத்தில் வாங்கிப் பொருத்திக்கொள்ளலாமா? அப்பாவின் பெயரில் உள்ள பதிவை முதலில் என் பெயருக்கு மாற்ற வேண்டுமா, புதுப்பிக்க வேண்டுமா?

அஸ்தம்பட்டி வழக்கறிஞர்:

அப்படி விற்கப்படும் தகடுகளை வாங்காதீர்கள். உண்மையான தகட்டில் குரோமியம் சார்ந்த ஹோலோகிராம் ஒட்டப்பட்டிருக்கும், லேசரால் பொறித்த நிலையான எண் ஒன்று இருக்கும், அந்த எண் வண்டியின் பதிவோடு இணைக்கப்பட்டிருக்கும், கழற்ற முடியாத பூட்டும் உண்டு. படம் மட்டும் அச்சிட்ட தகடு, சாதாரணத் தகட்டைவிட அதிக ஐயத்தையே கிளப்பும். 2019 ஏப்ரல் முதல் தயாரான வண்டிகளுக்குத் தயாரிப்பாளரே இதைத் தருகிறார். பழைய வண்டிகளுக்கு மாநில அரசு ஒப்புதல் அளித்த வழியில் மட்டும் பெற வேண்டும். உங்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு எப்படியும் போகத்தான் போகிறீர்கள், அங்கேயே கேட்டுவிடுங்கள்.

பெயர் மாற்றத்தை முதலில் செய்யுங்கள். உரிமையாளர் இறந்த முப்பது நாளுக்குள் தெரிவித்துவிட்டு, மூன்று மாதத்துக்குள் படிவம் 31இல் விண்ணப்பிப்பதே முறை. நீங்கள் அதைக் கடந்துவிட்டதால் தாமதத்துக்கான தொகையைக் கேட்பார்கள். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் ஒப்புதல், நடப்புக் காப்பீடு, புகைச் சான்று ஆகியவற்றைத் தயாராக வைத்திருங்கள். பழைய காகிதப் புத்தகம் என்றால் அதன் விவரங்கள் ‘வாகன்’ கணினிப் பதிவில் ஏறியிருக்கின்றனவா என்று அதற்கும் முன்னதாகப் பாருங்கள். ஏறாவிட்டால் இணையவழி விண்ணப்பம் முதல் திரையிலேயே நின்றுவிடும்.

புதுப்பித்தலுக்குப் படிவம் 25. செல்லுபடி முடிவதற்கு முந்தைய அறுபது நாட்களுக்குள் அதைத் தரலாம், ஆகவே ஜனவரிக்குள் பெயர் மாற்றம் முடிந்திருப்பது நல்லது. இருபது ஆண்டு கடந்த மோட்டார் சைக்கிளுக்குப் புதுப்பித்தல் கட்டணம் 2025 ஆகஸ்ட் திருத்தத்துக்குப் பின் இரண்டாயிரம் ரூபாய். பசுமை வரி தனி. தகடு தவறாக இருந்தால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 177ஆம் பிரிவின்படி முதல் முறை ஐந்நூறு ரூபாய் வரையிலும் அடுத்த முறை ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் வரையிலும்தான் அபராதம். பதிவே காலாவதியான வண்டியை ஓட்டினால் 192ஆம் பிரிவு வந்துவிடும். அதில் முதல் முறையே இரண்டாயிரம் முதல் ஐயாயிரம் ரூபாய் வரை போகும்.

செவ்வாய்ப்பேட்டை பட்டறை:

ஆய்வுக்குக் கொண்டுபோவதற்கு முன் சேஸிஸ் எண், இன்ஜின் எண் இரண்டின் மேலும் படிந்துள்ள பெயின்ட்டை நீக்கி, பென்சில் பிரிண்ட் (எண்ணின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுக்கும் பதிவு) தெளிவாக விழுகிறதா என்று பாருங்கள். தேய்க்கும் தாள் போடாதீர்கள், எழுத்தே மழுங்கிப்போகும். பெயின்ட் ரிமூவரும் துணியும் போதும். வெள்ளைத் தகட்டை ஆய்வுக்கு முன்பே மாட்டிவிடுங்கள்.