டீ, மோர், இளநீர், ரசம்: இதெல்லாம் தண்ணீர்க் கணக்கில் சேருமா?

வண்டிக்காரர்42:

எல்லோருக்கும் வணக்கம். சென்னையில் கால் டாக்ஸி ஓட்டுகிறேன், வயது 42. போன மாதம் ஒரு நாள் நடுராத்திரி இடுப்பில் பிடித்த வலி அடிவயிறு வரை இறங்கி, உட்காரவும் முடியாமல் படுக்கவும் முடியாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஸ்கேனில் 5 மி.மீ. சிறுநீரகக் கல் என்றார்கள். மாத்திரையும் தண்ணீருமாக ஒரு வாரத்தில் தானாகவே வெளியே வந்துவிட்டது. கடைசியாகப் பார்த்தபோது டாக்டர், "தினமும் மூணு லிட்டருக்குக் குறையாம குடிங்க, இல்லன்னா திரும்ப வரும்" என்றார். எதைக் குடிப்பது என்று நான் கேட்பதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

என் ஒரு நாள் இப்படிப் போகும்: காலையில் வீட்டில் ஒரு டம்ளர் காபி, ஸ்டாண்டிலும் வழியிலுமாக ஐந்தாறு டீ, மதியம் நீர்மோர், வெயில் காலத்தில் ஒரு இளநீர், ராத்திரி சோற்றோடு ரசம். வெறும் தண்ணீர் என்று பார்த்தால் ஒரு லிட்டர் பாட்டில் ஒன்று, அதுவும் சில நாள் மிச்சம் இருக்கும். வீட்டுக்காரம்மா வெறும் தண்ணீர் மட்டும்தான் கணக்கு, மற்றதெல்லாம் சேராது என்கிறார். ஸ்டாண்டில் ஒரு நண்பர், டீ குடித்தால் குடித்ததைவிட அதிகமாக வெளியே போய்விடும் என்கிறார். செல்போனில் ஒரு செயலி போட்டேன், அது டீக்குப் பாதியைக் கழிக்கிறது, மோர் என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரியவில்லை.

உண்மையில் எது சேரும், எது சேராது? இன்னொரு விஷயம், வெளிப்படையாகவே சொல்கிறேன்: நான் குறைவாகக் குடிப்பதற்குக் காரணமே கழிப்பறைதான். பயணியை ஏற்றிக்கொண்டு ஓ.எம்.ஆர். டிராஃபிக்கில் மாட்டினால் எங்கே போவது? அதையும் மனதில் வைத்துச் சொல்லுங்கள்.

உணவியல்_அக்கா:

தம்பி, நான் ஒரு மருத்துவமனையில் டயட்டீஷியன். இந்தக் கேள்வியைக் கேட்காத நோயாளி இல்லை, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நீங்கள் சொன்ன எல்லாமே சேரும். காபி சேரும், டீ சேரும், மோர், இளநீர், ரசம், கஞ்சி, நீராகாரம் எல்லாம். குடலுக்குள் போனபிறகு அந்தத் தண்ணீர் டீயிலிருந்து வந்ததா, குழாயிலிருந்து வந்ததா என்று உடம்பு பார்ப்பதில்லை. பாலிலேயே 87 சதவீதம் தண்ணீர்தான், நம் நீர்மோரில் அதைவிட அதிகம்.

டீ, காபி தண்ணீரை வெளியே தள்ளிவிடும் என்ற பேச்சுக்கு அடிப்படையாகப் பலரும் காட்டுவது 1928-இல் வந்த ஒரு ஆய்வு. அதில் கலந்துகொண்டவர்கள் மொத்தம் மூன்றே பேர். கஃபீன் சிறுநீரைக் கொஞ்சம் கூட்டும் என்பது பொய் இல்லை. ஆனால் பழக்கமே இல்லாதவர் ஒரே நேரத்தில் நிறையக் குடித்தால்தான் அது கண்ணுக்குத் தெரியும். 2014-இல் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் தினமும் காபி குடித்துப் பழகிய 50 ஆண்களை வைத்து, சில நாள் காபி கொடுத்தும், அதே அளவுக்குச் சில நாள் தண்ணீர் கொடுத்தும் பார்த்தார்கள். உடம்பின் நீர் அளவில் குறிப்பிடும்படி வித்தியாசமே இல்லை. 2016-இல் இன்னொரு ஆய்வு, 13 வகைப் பானங்களை ஒவ்வொன்றாக ஒரு லிட்டர் குடிக்க வைத்து, நான்கு மணி நேரத்தில் எவ்வளவு சிறுநீராகப் போகிறது என்று அளந்தது. டீயும் காபியும் தண்ணீரைப் போலவே நடந்துகொண்டன. பாலும் ஓ.ஆர்.எஸ். கரைசலும் தண்ணீரைவிட அதிக நேரம் உடம்பில் தங்கின, காரணம் அவற்றில் இருக்கும் உப்புச் சத்தும், பாலில் இருக்கும் புரதமும். ஆகவே அந்தச் செயலியைத் தூக்கிப் போட்டுவிடுங்கள், கழிப்பதற்கு ஒன்றும் இல்லை.

அப்புறம், தினமும் எட்டு டம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டும் என்ற கதை. 1945-இல் அமெரிக்காவின் உணவு வாரியம் ஒரு நாளைக்கு இரண்டரை லிட்டர் என்று எழுதி, அடுத்த வரியிலேயே இதில் பெரும்பகுதி உணவிலேயே இருக்கிறது என்றும் எழுதியது. அந்த இரண்டாவது வரியை ஊர் மறந்துவிட்டது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2010-இல் சொன்னது ஆண்களுக்கு 2.5 லிட்டர், பெண்களுக்கு 2 லிட்டர். அதுவும் சாப்பாட்டில் இருக்கும் தண்ணீரையும் சேர்த்துத்தான், அங்கே இருக்கும் மிதமான வெயிலுக்குத்தான். ஒரு தட்டில் 200 கிராம் சோறு போட்டால் அதிலேயே கிட்டத்தட்ட 140 மி.லி. தண்ணீர் இருக்கிறது. வெள்ளரிக்காய், தர்பூசணி எல்லாம் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல்.

ஆனால் தம்பி, உங்கள் டாக்டர் மூன்று லிட்டர் சொன்னது "குடிப்பது" மட்டும். சோற்றில் இருப்பதை அதில் சேர்த்துவிடாதீர்கள். உங்களுக்கு அது கல்லுக்கான மருந்து மாதிரி.

சர்க்கரை_வேண்டாம்:

அக்கா சொன்னது அத்தனையும் சரி. ஆனால் எல்லாம் சேரும் என்பதைக் கேட்டுவிட்டு எங்கள் வீட்டில் நடந்ததையும் சொல்ல வேண்டும். என் அம்மாவுக்குச் சர்க்கரை நோய். வெயிலில் சோர்வாக இருக்கிறது என்று அப்பா தினமும் கடையிலிருந்து ஓ.ஆர்.எஸ். என்று பெரிதாக எழுதிய ஒரு டெட்ரா பாக்கெட் பானத்தை வாங்கி வந்து கொடுத்துக்கொண்டிருந்தார். நல்லது செய்கிறோம் என்ற நம்பிக்கையில்தான் செய்தார். சர்க்கரை அளவு ஏறிக்கொண்டே போனபிறகு பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால், அது பழச்சுவை போட்ட சர்க்கரைத் தண்ணீர். இப்படி ஃபார்முலாப்படி இல்லாத பானங்கள் பெயரில் ஓ.ஆர்.எஸ். என்று போடக்கூடாது என 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவு போட்டது. எங்களுக்கு அது தாமதமாக வந்த உத்தரவு.

நிஜ ஓ.ஆர்.எஸ். என்பது ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்கிற தூள் பாக்கெட். அதில் குளுக்கோஸ் 13.5 கிராம்தான், உப்பு 2.6 கிராம், மற்றவை பொட்டாசியம் குளோரைடும் சிட்ரேட்டும். அதுவும் வயிற்றுப்போக்குக்கும் கடுமையான வியர்வைக்கும்தான், தினசரித் தாகத்துக்கு இல்லை.

வண்டிக்கார அண்ணா, உங்கள் டீக் கணக்கையே பாருங்கள். ஆறு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் என்றால் பன்னிரண்டு ஸ்பூன், ஏறக்குறைய 50 கிராம் சர்க்கரை. உலக சுகாதார நிறுவனம் 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது. தண்ணீராகக் கிடைப்பதோ கிளாஸுக்கு 80, 100 மி.லி. தான், ஆறு டீயும் சேர்ந்து அரை லிட்டர் சொச்சம். டீக்கடையில் பாதி சர்க்கரை என்று சொன்னால் மாஸ்டர் ஒன்றும் கோபித்துக்கொள்ள மாட்டார், நான் சொல்லிப் பழக்கப்படுத்தியிருக்கிறேன்.

அப்பாவின்_மகள்:

இதைப் படிக்கும்போது மனது கனத்துவிட்டது, ஏனென்றால் எங்கள் வீட்டில் இதே கணக்கை நேர் எதிராகப் போடுகிறோம். அப்பா வாரம் மூன்று முறை டயாலிசிஸ் போகிறார். சிறுநீர் மிகக் குறைவு, அதனால் அவருக்கு ஒரு நாளைக்கு ஒரு லிட்டருக்குக் கீழேதான் அனுமதி. எது தண்ணீர், எது தண்ணீர் இல்லை என்பது எங்களுக்குத் தினமும் வரும் கேள்வி.

ஆரம்பத்தில் நாங்களும் தண்ணீரை மட்டும்தான் அளந்தோம். தண்ணீர் 700 மி.லி.தான் கொடுத்தோம், ஆனாலும் இரண்டு டயாலிசிஸுக்கு நடுவில் எடை மூன்று கிலோ ஏறியது, கால் வீங்கியது, படுத்தால் மூச்சு வாங்கியது. அப்புறம் டயாலிசிஸ் பிரிவில் இருந்த சிஸ்டர் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டார். காலை காபி, பதினொரு மணி ராகிக்கூழ், மதியம் ரசம், சாயங்காலம் டீ, ராத்திரி இட்லிக்குக் குழம்பு மாதிரி சாம்பார், மாத்திரை போட நான்கு தடவை தண்ணீர். எதையும் நாங்கள் எண்ணவே இல்லை. ஐஸ் கட்டியும் ஐஸ்கிரீமும்கூட வாயில் உருகினால் தண்ணீர்தானே, அவையும் சேரும் என்றார்.

அவர் சொல்லிக்கொடுத்த வழி: காலையில் ஒரு பாட்டிலில் அன்றைக்கு அனுமதித்த அளவு முழுவதையும் ஊற்றி வைத்துவிடுவோம். அப்பா காபி குடித்தால், அதே டம்ளரால் பாட்டிலிலிருந்து ஒரு டம்ளர் எடுத்துச் செடிக்கு ஊற்றிவிடுவோம். ரசத்துக்கும் அப்படியே. பாட்டிலில் மிச்சம் இருப்பதுதான் மிச்சம். அப்பாவுக்கே கண்ணால் தெரிவதால் சண்டையும் குறைந்தது.

இளநீர் பற்றி ஒரு வார்த்தை, கெஞ்சிக் கேட்கிறேன். ஒரு இளநீரில் ஒரு வாழைப்பழத்தைவிட அதிகமாகவே பொட்டாசியம் இருக்கும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அது வெளியேறாமல் இதயத் துடிப்பையே குலைத்துவிடும். உடம்புக்குக் குளிர்ச்சி என்று நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் இளநீர் வாங்கி வராதீர்கள். வண்டிக்காரர் அண்ணாவுக்குச் சிறுநீரகம் நன்றாக இருக்கிறது என்று ரத்தப் பரிசோதனையில் வந்திருந்தால் அவருக்குப் பிரச்சினை இல்லை.

வண்டிக்காரர்42:

எல்லோருக்கும் நன்றி. அக்கா, சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் 0.9 என்று ரத்த ரிப்போர்ட்டில் இருக்கிறது, நார்மல் என்றுதான் சொன்னார்கள். அப்பாவின் மகள் எழுதியதைப் படித்துவிட்டு வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன், உங்கள் அப்பா நன்றாக இருக்கட்டும் அம்மா.

நேற்று ஒரு நாள் எல்லாவற்றையும் அளந்தேன். காபி 120, டீ ஐந்து கிளாஸ் 450, மோர் 300, ரசம் 150, தண்ணீர் 900. மொத்தம் 1,920 மி.லி. எல்லாவற்றையும் சேர்த்தும் ஒரு லிட்டருக்கு மேல் குறைகிறது. கல் ஏன் வந்தது என்று எனக்கே புரிந்துவிட்டது. சிறுநீர் நல்ல மஞ்சளாகத்தான் போகிறது. வாழைத்தண்டு சாறு குடித்தால் போதும் என்றும் ஒருவர் சொல்கிறார்.

மூன்றுகல்_கண்டவன்:

அண்ணே, எனக்கு மூன்று தடவை வந்துவிட்டது, ஒரு தடவை லேசர் வைத்து உடைத்தார்கள். அதனால் அனுபவத்தில் சொல்கிறேன்.

கல்காரர்களுக்கு உள்ளே போவதைவிட வெளியே வருவதுதான் கணக்கு. என் சிறுநீரக டாக்டர் சொன்னது, ஒரு நாளைக்குச் சிறுநீர் இரண்டரை லிட்டர் போக வேண்டும். ஏ.சி. அறையில் இருப்பவருக்கு மூன்று லிட்டர் குடித்தால் அது நடந்துவிடும், மே மாதத்தில் வியர்த்துக்கொண்டு வண்டி ஓட்டும் உங்களுக்கு நடக்காது, வியர்வையில் போனது போக மிச்சம்தானே சிறுநீர். லீவு நாளில் ஒரு பெரிய கேனில் 24 மணி நேரமும் பிடித்து அளந்து பாருங்கள். கூச்சமாக இருக்கும், ஆனால் ஒரே ஒரு தடவை செய்தால் உண்மை தெரிந்துவிடும். எனக்கு முதல் தடவை 1,100 மி.லி.தான் வந்தது.

இத்தாலியில் 1996-இல் வந்த ஒரு ஆய்வு பற்றி அவர்தான் சொன்னார். முதல் கல் வந்த 199 பேரை இரண்டாகப் பிரித்து ஐந்து வருடம் பார்த்தார்கள். சிறுநீர் இரண்டு லிட்டருக்கு மேல் போகும்படி குடித்தவர்களில் 12 பேருக்கும், வழக்கம்போல் இருந்தவர்களில் 27 பேருக்கும் திரும்பக் கல் வந்தது. மருந்து ஒன்றும் இல்லை, தண்ணீர் மட்டும்.

நிறத்தைப் பார்க்கிறீர்கள் என்றால், பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை சாப்பிடுகிறீர்களா? அது எவ்வளவு குடித்தாலும் பளிச்சென்ற மஞ்சளாக்கிவிடும். காலையில் முதலில் போவதும் அடர்த்தியாகத்தான் இருக்கும், மதியத்துக்கு மேல் போவதைப் பாருங்கள்.

வாழைத்தண்டு சாறு குடியுங்கள், அதுவும் தண்ணீர்க் கணக்கில் சேரும், ஆனால் அது கல்லைக் கரைத்துவிடும் என்று நம்பி மற்றதை விட்டுவிடாதீர்கள், நான் விட்டேன், இரண்டாவது கல் அப்படித்தான் வந்தது. எலுமிச்சைச் சாறு பிழிந்த தண்ணீர் நல்லது, அதில் இருக்கும் சிட்ரேட் கல் சேர்வதைத் தடுக்கிறது. உப்பும் சர்க்கரையும் போடாமல் குடியுங்கள், உப்பு கூடினால் சிறுநீரில் கால்சியம் கூடும். மோரிலும் உப்பைப் பாதியாக்குங்கள்.

கழிப்பறை விஷயம்: பெட்ரோல் பங்க்கில் கழிப்பறை எல்லோருக்கும் இலவசம், பெட்ரோல் போட வேண்டும் என்று இல்லை. என் மைத்துனரும் டிரைவர்தான், அவர் வழக்கமாகப் போகும் ரூட்டில் சுத்தமாக இருக்கும் பங்க்குகளை மேப்பில் குறித்து வைத்திருக்கிறார். சவாரி முடிந்த உடனே அரை லிட்டர் குடித்துவிட்டு, அடுத்த சவாரி எடுக்கும் முன் ஒரு தடவை போய்விடுவார். ராத்திரி படுக்கும் முன் ஒரு டம்ளர் கண்டிப்பாகக் குடியுங்கள். தூங்கும் நேரத்தில்தான் சிறுநீர் கெட்டியாகும். நடுவில் ஒரு தடவை எழுந்து போக வேண்டி வந்தால், போய்விட்டு இன்னும் அரை டம்ளர்.

உணவியல்_அக்கா:

மூன்றுகல் தம்பி எழுதியதோடு ஒன்று மட்டும். குறைகிற அந்த ஒரு லிட்டரை ஒரே மூச்சில் ஊற்றிக்கொள்ள வேண்டாம். சிறுநீரகம் ஒரு மணி நேரத்தில் வெளியேற்றுவது ஏறத்தாழ ஒரு லிட்டருக்குள்தான், அதை மீறிக் குடித்துக்கொண்டே போனால் ரத்தத்தில் சோடியம் இறங்கிவிடும். நாள் முழுக்கப் பிரித்துக் குடியுங்கள். பாலில் போட்ட டீ உங்களுக்குக் கட்டன் சாயாவைவிட நல்லது, டீயில் இருக்கும், கல் உண்டாகக் காரணமான ஆக்சலேட்டைப் பாலின் கால்சியம் குடலிலேயே பிடித்துக்கொள்ளும். சாப்பிட்ட உடனே மட்டும் டீ வேண்டாம், சாப்பாட்டில் இருக்கும் இரும்புச் சத்தை அது உறிஞ்ச விடாது, ஒரு மணி நேரம் கழியட்டும்.

வெளியே வந்த கல்லைப் பத்திரமாக வைத்திருக்கிறீர்களா? இருந்தால் சோதனைக்குக் கொடுங்கள். அது கால்சியம் ஆக்சலேட்டா, யூரிக் அமிலமா என்று தெரிந்தால் சாப்பாட்டில் எதைக் குறைப்பது என்று சொல்ல முடியும்.

வண்டிக்காரர்42:

கல் ஒரு சின்ன டப்பாவில் இருக்கிறது அக்கா, நாளைக்கே கொடுத்துவிடுகிறேன். பி காம்ப்ளெக்ஸ் சாப்பிடுவதும் உண்மைதான். இரண்டு லிட்டர் பாட்டில் ஒன்று வாங்கி முன் சீட்டுக்குக் கீழே வைத்துவிட்டேன், மதியம் சாப்பாட்டுக்குள் ஒரு லிட்டர், வீட்டுக்குத் திரும்புவதற்குள் இன்னொன்று, டீயும் மோரும் அதற்கு மேலே. ஞாயிற்றுக்கிழமை கேனில் அளந்துவிட்டு எவ்வளவு வந்தது என்று இங்கேயே எழுதுகிறேன்.